மூன்றுக்குள்

தாளில் ஒரு கோடு. பத்து சென்டிமீட்டர்.

இடது முனையில் 'ஆசையே இல்லை.' வலது முனையில் 'அடக்கவே முடியாது.' இந்த நிமிடம் குடிக்கத் தோன்றுவது எவ்வளவோ, அந்த இடத்தில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட வேண்டும். சிஸ்டர் ஜெசிந்தா ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்வாள். இந்த மறுவாழ்வு மையத்தில் சனிக்கிழமை தோறும் இதுதான்.

மூன்றுக்குள் இருந்தால் ஞாயிறு வீட்டுக்குப் போகலாம்.

மூன்று எங்கே என்று பார்க்க, பென்சிலோடு உட்கார்ந்திருந்த டெய்லருக்கு ஸ்கேல் வேண்டாம். இருபத்தெட்டு வருடம் சட்டை தைத்த கண்.

நாளை மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

வெள்ளைச் சட்டையை வியாழக்கிழமையே மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார்.

"சும்மா ஒன்னுல போட்டுட்டுப் போங்கண்ணா," என்றான் பக்கத்துக் கட்டில் கந்தவேலு. "இந்த வார்டுல ஒருத்தனுக்கும் குடிக்கத் தோணறதில்ல. பேப்பர்ல."

போன மாதம் அப்படித்தான் இரண்டில் போட்டார். வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்பே பஸ்ஸிலிருந்து இறங்கினார். சாராயக் கடை அங்கேதான்.

மறுநாள் மகள்தான் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தாள்.

இன்று காலை ஊசி போடுமுன் தோளில் ஸ்பிரிட் பஞ்சு தேய்த்தார்கள். ஊசி போட்டு முடித்த பிறகும் வெகுநேரம் அந்த வாடைக்கு அவர் முகம் தோள் பக்கமே திரும்பியிருந்தது.

பென்சில் இரண்டின் மேல் நின்றது.

இடுப்பில் டேப்பைச் சுற்றியதும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள், தையல் கடைக்கு வருகிறவர்கள். அந்த அளவில் தைத்தால் முதல் பந்தியிலேயே பட்டன் தெறிக்கும்.

மூச்சை விடுங்கள் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்.

"என்னங்கண்ணா, தூங்கிட்டீங்களா?" சிஸ்டர் கையை நீட்டினாள்.

அவர் மூச்சை விட்டார்.

பென்சில் மூன்றைத் தாண்டியது. ஐந்தைத் தாண்டியது. போய் நின்ற இடத்தில் அழுத்திப் போட்டார்.

சிஸ்டர் ஸ்கேல் வைத்தாள். எடுத்தாள். மறுபடியும் வைத்தாள்.

"எட்டுங்கண்ணா."

"எட்டேகால்," என்றார். "போனக் குடுங்க சிஸ்டர். பாப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன்."