கேள்வித்தாள் இல்லாமல்

"கணக்குக்குப் பயந்துதான இந்த முறையப் பிடிச்சிருக்க?" என்றார் பேராசிரியர் அருள்மொழி.

முத்துப்பிரியா தன் ஆராய்ச்சித் திட்டத்தை அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"மனநல நர்சுகளைப் பத்தி ஆராய்ச்சின்னா, இருநூறு பேருக்குக் கேள்வித்தாள் குடு. டிக் பண்ணித் தரட்டும். அஞ்சு பேரோட கதையக் கேட்டு என்னத்தக் கண்டுபிடிக்கப் போற?"

"டிக் பண்ணினா பதில்தான் வரும் மேடம். அவங்க பட்டது வராது. வாயாலயே முழுசாச் சொல்லட்டும்."

அரைமனதாகக் கையெழுத்துப் போட்டார்.

ஐந்தாவது நர்சு மொக்கம்மாள், ஓய்வு பெற்றுப் போடியில் இருந்தார்.

"பாரம் கொண்டாந்திருக்கியா ஆத்தா? வெரசா எழுதிக் குடுத்துர்றேன். சோலி கெடக்கு."

"பாரம் இல்லம்மா. நீங்க பாத்துக்கிட்டவங்களப் பத்திச் சொல்லுங்க, போதும்."

போனில் பதிவை ஓடவிட்டாள். மொக்கம்மாள் யார் யாரையோ பற்றிச் சொன்னார். இரண்டு மணி நேரம் போயிற்று.

"குரங்கணிக்கு மேல, ஏலத்தோட்டத்துலருந்து வந்தவங்க யாராச்சும்...?"

"கருத்தம்மாள்னு ஒருத்தி. சொந்தக்காரங்க பாக்க வர்ற நாள்ல அவளுக்குத் தலவாரி, வாசலப் பாக்க உக்கார வப்பேன். ஒருத்தரும் வரல. அங்கனயே போய்ச் சேந்துட்டா. ஒரு மக இருந்தாளாம். எப்படித்தான் மனசு வந்துச்சோ, எட்டிக்கூடப் பாக்கல."

முத்துப்பிரியா பதிவை நிறுத்தினாள்.

"அந்த மக நான்தாம்மா. அம்மாவ அங்க சேத்தப்ப எனக்கு அஞ்சு வயசு. அம்மா செத்துட்டாங்கன்னு சொல்லித்தான் அப்பா வளத்தாரு. போன வருசம், அவரு சாகப் போறப்பதான் நெசத்தச் சொன்னாரு."

மொக்கம்மாள் அவளையே பார்த்தார்.

"என்னையப் பத்தி எங்கம்மா ஏதாச்சும் சொன்னாங்களா?"

மொக்கம்மாள் நகர்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லாம இருப்பாளா? தெனமும் உன் பேச்சுதான். எம்மக சாப்பிட்டாளா, எம்மக தூங்கினாளான்னு என்னையப் போட்டு அரிச்செடுத்துருவா."

முத்துப்பிரியா அந்தக் கையிலேயே முகத்தைப் புதைத்து அழுதாள். பிறகு நிமிர்ந்து, "இன்னொரு தரம் சொல்லுங்கம்மா" என்றாள்.

மொக்கம்மாள் சொன்னார்.

அம்மாவின் ஆஸ்பத்திரிக் குறிப்புகளின் நகல் அவள் பைக்குள்தான் இருந்தது. அம்மா அங்கே இருந்த ஆறு வருடமும், பக்கத்துக்குப் பக்கம், 'நோயாளி ஒரு வார்த்தையும் பேசவில்லை' என்றே எழுதியிருந்தது. ஒவ்வொன்றின் கீழும் மொக்கம்மாளின் கையெழுத்து.