யோசிக்கும் நேரம்

“இவன் என் பையன் இல்லம்மா.”

கண்ணாயிரம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். ஷாசியா திரையை மறுபடி எட்டிப் பார்த்தாள். மூன்று நாள் மாரடித்து, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் புதுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தவள் அவள்தான்.

மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறாள் ஷாசியா. போன வாரம் அமராவதி டீச்சர் பழைய பெட்டி ஒன்றை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பள்ளியில் கணக்கும் கம்ப்யூட்டரும் எடுப்பவர் அவர்.

“எங்க சித்தார்த்தோடதும்மா. சிதம்பரத்துல இன்ஜினியரிங் படிச்சான். ஹாஸ்டல்ல செஸ் கத்துக்கிட்டு, அவனே ஒரு செஸ் ப்ரோகிராம் எழுதி வச்சிருக்கான். எங்க வீட்டுக்காரரு தெனமும் அதோடதான் ஆடுவாரு. ரெண்டு நாளா இது ஆன் ஆவல. அவரு சரியா சாப்புடவே மாட்டேங்குறாரு.”

சித்தார்த் இப்போது எங்கே என்று ஷாசியா கேட்கவில்லை. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கடலூரில் யாரும் யாரையும் அப்படிச் சட்டென்று கேட்பதில்லை. டீச்சரே சொன்னார். லீவுக்கு வந்திருந்த பையன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருகிறேன் என்று போனான். உடல்கூடக் கிடைக்கவில்லை.

“நாலு மாசம் இவரு வாயே தொறக்கலம்மா. செவுத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. அப்புறம்தான் இந்த செஸ் இதுக்குள்ள இருக்குன்னு போட்டுக் காட்டினேன். அன்னிக்குத்தான் கேட்டு வாங்கி ஒரு வாய் சோறு தின்னாரு.”

மதர்போர்டு போய்விட்டிருந்தது. ஹார்டு டிஸ்க் மட்டும் பிழைத்திருந்தது. ஆனால் புதுக் கம்ப்யூட்டரில் அந்த செஸ் திறக்கவே மறுத்தது. அது விண்டோஸ் 98 காலத்துச் சரக்கு. புதிய விண்டோஸுக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை.

அதனால் ஷாசியா புதியதற்குள்ளேயே ஒரு விர்ச்சுவல் மெஷினை உண்டாக்கினாள். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர். வெளியே புதிய விண்டோஸ் ஓடும். அதே திரையில் ஒரு கட்டத்துக்குள், சித்தார்த்தின் விண்டோஸ் 98 அவன் வைத்திருந்த படங்களோடு அப்படியே ஓடும்.

ஃபைல்களைப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. டீச்சருக்குப் போன் போட்டுக் கேட்டாள்.

“டீச்சர், இந்த செஸ்ஸுக்கு மட்டும் 2005 ஏப்ரல்னு தேதி காட்டுதே?”

“பேட்டரி போன மெஷின்மா அது. தேதியெல்லாம் கண்டபடி காட்டும்.”

வாஸ்தவம்தான். கடைக்கு வரும் பாதிக் கம்ப்யூட்டர்களில் அந்தக் கோளாறு உண்டு. அவள் அதை அப்போதே மறந்துபோனாள்.

இன்று வீட்டுக்கே வந்து எல்லாவற்றையும் மாட்டிக்கொடுத்தால், டீச்சரின் வீட்டுக்காரர் கண்ணாயிரம் இரண்டே காய் நகர்த்திவிட்டு இப்படிச் சொல்கிறார்.

“எல்லாம் அதேதான் சார். ஒரு எழுத்துகூட நான் மாத்தல.”

“நான் காயை வச்சிட்டுக் கைய எடுக்கறதுக்குள்ள பதில் வருது. அவன் இப்படி ஆட மாட்டாம்மா. யோசிப்பான். ரெண்டு நிமிஷம், சமயத்துல மூணு நிமிஷம்கூட ஆவும்.”

அமராவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஷாசியா முகத்தைத் திருப்பிக்கொண்டு மவுஸை எடுத்தாள்.

காரணம் அவளுக்கு விளங்கிவிட்டது. பழைய கம்ப்யூட்டர் ஒவ்வொரு நகர்த்தலையும் திக்கித் திணறிக் கணக்குப் போட்டது. புதியது கண் மூடித் திறப்பதற்குள் போட்டுவிடுகிறது. உள்ளே இருக்கும் மெஷினுக்குப் போகும் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள். போதவில்லை. பிறகு கால்வாசி. கடைசியில் நூற்றில் ஐந்து பங்கு. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கம்ப்யூட்டரை மெதுவாக்குவதற்கு அவள் பாடுபட்டாள்.

“இப்ப ஆடிப் பாருங்க சார்.”

கண்ணாயிரம் உட்கார்ந்து ஒரு சிப்பாயை நகர்த்தினார். திரையில் எதுவும் அசையவில்லை. அமராவதி ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மாத்திர போட்டீங்களா?”

“போட்டேன். ஒனக்கு முட்டி வலி எப்படி இருக்கு?”

“இன்னிக்குத் தேவல. கத்திரிக்கா வாங்கியாந்திருக்கேன். கொழம்பு வைக்கட்டா, வதக்கட்டா?”

“வதக்கிடு.”

திரையைப் பார்த்தபடியே இருவரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. கறுப்புக் குதிரை ஒன்று தாவி வந்து நின்றது. அதன் கீழே, ‘அப்பா, இப்ப நீங்க’ என்று ஆங்கில எழுத்துகளில் ஒரு வரி வந்தது.

“ம். இவன்தான்” என்றார் கண்ணாயிரம்.

அமராவதி கண்களைத் துடைத்துக்கொண்டு, “இரும்மா, டீ போட்டாறேன்” என்று அடுப்படிக்குள் போனார். ஷாசியா வயர்களைச் சுருட்டிப் பையில் வைத்தாள். சும்மா கிளம்ப மனம் வரவில்லை. இந்த மனிதருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

“படிக்கிற வயசுலயே எவ்வளவு அருமையா எழுதியிருக்காரு சார் உங்க பையன். செஸ் ரொம்ப நல்லா ஆடுவாருபோல.”

கண்ணாயிரம் அடுப்படியை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். உள்ளே டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மெதுவாப் பேசும்மா. நாலு மாசம் உக்காந்து எழுதினவ காதுல விழுந்துடப் போவுது. சித்தார்த்துக்கு செஸ்ஸே தெரியாது.”