இருவர் கொடுத்த குறை

"உன் ரத்தம்தான்டி என் பையனைக் கெடுத்துருச்சு!"

கோன் கேன் நகர ரத்த ஆய்வுக்கூட வாசலில் விரோஜ் கத்த, மஞ்சள் காமாலை கண்ட குழந்தையோடு மனைவி கன்யா அழுதாள்.

உள்ளே அந்தக் குழந்தையின் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டிருந்த ஆய்வாளர் நாரிசாவுக்கு அது கேட்டது. விரோஜ் சொல்லும் ஜி6பிடி என்ற ரத்த நொதிக் குறை ஆண்பிள்ளைக்குத் தாயிடமிருந்துதான் வரும். ஆனால் அந்த நொதி சரியாகவே இருந்தது. குறைந்திருந்தது பைருவேட் கைனேஸ் என்ற இன்னொரு நொதி. தாய், தகப்பன் இருவரும் கொடுத்தால்தான் அந்தக் குறை வரும்.

உள்ளே வந்து முடிவைப் படித்த விரோஜ் கதவைச் சாத்தினார்.

"ஜி6பிடின்னு மாத்தி எழுதிடும்மா. என் பங்கும் இருக்குன்னு எங்கம்மா காதுக்குப் போகக் கூடாது."

"உங்களுக்கு அதிர்ச்சியா இல்லையா சார்?"

"போன வாரமே நான் சோதிச்சுப் பாத்துட்டேன். ரிப்போர்ட்டுல ரெண்டாவது கையெழுத்துக்குத்தான் நீ" என்று பேனாவை நீட்டினார் ஆய்வுக்கூடத் தலைவர் விரோஜ்.

நாரிசா அதைத் தொடவில்லை. ரிப்போர்ட்டைக் கன்யாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.