ஏழாவது குகைக்கு வழி

மஞ்சக்குப்பம் மைதானத்தை ஒட்டிய பிரவுசிங் சென்டரில், பாதி இறக்கிய ஷட்டருக்கடியில் நுழைந்த மதிய வெயில் ஜோதிலட்சுமியின் செருப்புவரை வந்து நிற்கிறது. பக்கத்து நாற்காலியில் நடனசபாபதி உட்கார்ந்திருக்கிறான். தான் ஆடும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு இணையத்தில் இருக்கும் ரசிகர் மன்றத்தைக் கட்டி மேய்ப்பவள் இவள்தான் என்று தெரிந்து, பார்ப்பதற்கென்றே சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறான். இரண்டு மணிக்குக் கரண்ட் போய்விடும். அதற்குள் மன்றத்தில் ஆடுபவர்கள் வழி கேட்டு எழுதிய நாற்பது பதிவுகளுக்கு, தேடினால் கிடைக்கும்படி டேக் போட்டாக வேண்டும். ஒவ்வொன்றிலும் எழுதியவர்கள் போட்டிருக்கும் 'உதவி'யை எடுத்துவிட்டு, 'இரும்புக் கதவு', 'அறுந்த பாலம்' என்று அடிக்கிறாள். எழுத்து அழிந்துபோன விசைகளின் மேல் அவள் விரல்கள் பார்க்காமலே ஓடுகின்றன. "எல்லாரும் உதவின்னே போடுறாங்க. எங்க மாட்டிக்கிட்டோம்னு போட்டாத்தான அடுத்து மாட்டுறவங்க தேடி எடுக்க முடியும்?" நடனசபாபதிக்குக் காது சூடாகிறது, அவனும் அப்படிப் போட்டவன்தான். "நான் ஏழாவது குகையில நிக்கிறேன், மூணு வாரமா" என்கிறான். "விளக்க அணைச்சிட்டு உள்ள போங்க, வௌவால் வராது" என்கிறாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். மூன்று வாரமாகச் செத்துச் செத்துப் பிழைத்தவன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போடுகிறான். பிறகு மெல்லக் கேட்கிறான், "நீங்க எத்தன தடவ தாண்டுனீங்க?" "நான் ஆடுனதே இல்ல. இந்தக் கம்ப்யூட்டர்ல அது ஓடாது" என்றபடி அடுத்த பதிவிலிருந்து 'உதவி'யை எடுக்கிறாள்.