டக் டக்

"திரும்பவும் என்ஜின்ல டக் டக்குன்னு சத்தம் வருதுங்க" என்றபடி, அப்பா விட்டுப்போன பழைய காரை ஷெட்டில் நிறுத்தினார் டீச்சர்.

மெக்கானிக் மூடியைக் கழற்றி, வால்வுகளின் இடைவெளியை ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் பேசினார். அந்த ஷெட்டுக்குப் பேச்சுத்துணையாக வேறு யாரும் வருவதில்லை.

"இனி அலைய முடியாது. அடுத்த தடவை சத்தம் வந்தா வித்துடுவேன். அப்பா கார், மனசுதான் கேக்கல" என்றார் டீச்சர்.

மூடியை மாட்டப்போன மெக்கானிக்கின் கை நின்றது. ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே லூசாக விட்டுவைக்கும் அந்த ஒரு நட்டை, இன்றைக்குத்தான் நன்றாக முடுக்கினார்.

"இனிமே சத்தமே வராது டீச்சர்."

"அப்பாடா! இனி உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்!"