மூன்றாம் எண்ணுக்கு மூன்று

ஒரு விடுகதை. வயலின் வாசிக்கும்போது அது விரலிலும் இருக்காது, வில்லிலும் இருக்காது. ஆனால் முதல் ஸ்வரத்துக்கு முன்னாலேயே வந்து நிற்கும். அது என்ன?

யோசித்துக்கொண்டே இருங்கள். அதற்குள் கதையைச் சொல்கிறேன்.

அவர் ஒரு கண்டக்டர். டிக்கெட் கிழிப்பவர் இல்லை. கையில் சின்னக் குச்சியோடு நின்று நாற்பது பேரைச் சேர்ந்து வாசிக்கவைப்பவர். சொந்த நாட்டில் பெரிய இசைக்குழுவை நடத்தியவர். இந்த நாட்டுக்கு வந்தபின் மூன்று வருடம் மாடிப்படிகளில் பியானோ தூக்கினார். அப்புறம் வீடு வீடாகப் போய்ப் பாடம் சொன்னார். இப்போதுதான் ஓர் இசைப் பள்ளியில் குழந்தைகள் குழு கிடைத்திருக்கிறது. ஆண்டு விழாவில் அவரே எழுதிய இசை முதன்முதலாக ஒலிக்கப்போகிறது. அதில் ஒரே ஒரு வயலின் தனியாக வாசிக்க இரண்டு பக்கம் உண்டு.

அதை யார் வாசிப்பது?

"வேற யாரு? மகளை மனசுல வச்சுக்கிட்டு எழுதினதுதானே," என்றார் பல் டாக்டர். அவர் பிள்ளையும் அதே குழுவில் வயலின்.

அது கண்டக்டர் காதில் விழுந்தது.

"திரை போட்டுடலாம்," என்றார். "பேர் கிடையாது, எண் மட்டும். செருப்பு, ஷூ எல்லாம் வெளியே. நடக்கிற சத்தத்துல கூட ஆள் தெரியக் கூடாது."

"இவ்வளவு வீம்பு எதுக்குங்க?" என்று வீட்டில் மனைவி கேட்டாள்.

"நாளைக்கு ஒருத்தரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. அவ்வளவுதான்."

மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு வாரமாகக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த இரண்டு பக்கத்தோடு மல்லுக்கட்டினாள். அப்பா எட்டிப் பார்த்தால் விரட்டினாள்.

"நீங்க நடுவர். போய் டிவி பாருங்கப்பா. சத்தமா வச்சுப் பாருங்க."

தேர்வு நாளில் ஐந்து எண்கள். கண்டக்டர், பியானோ டீச்சர், பள்ளி முதல்வர் என மூன்று நடுவர்கள். ஆளுக்குப் பத்து மார்க்.

மூன்றாம் எண் தொடங்குவதற்கு முன், திரைக்குப் பின்னால் ஒரு மூச்சு கேட்டது. நிதானமாக, ஒரே இழுப்பு.

விடுகதைக்கு விடை அதுதான். 'வாசிக்கும் முன்னால் மூச்சை இழுங்கள். அந்த மூச்சின் வேகம்தான் பாட்டின் வேகம்' என்று கண்டக்டர் வகுப்பில் வாராவாரம் சொல்வார். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம், குழுவில் தன் மகள் மட்டும்தான் அதைச் செய்கிறாள் என்பது அவர் எண்ணம்.

வாசிப்பில் விரல் வைத்துக் குறை சொல்ல ஓர் இடம் இல்லை. அவர் காகிதத்தைக் கையால் மறைத்துக்கொண்டு 'மூன்று' என்று எழுதினார்.

ஐந்தாம் எண்ணும் நன்றாக வாசித்தது. ஒன்பது போட்டார்.

கூட்டிப் பார்த்தார்கள். ஐந்தாம் எண்ணுக்குத்தான் அதிகம். திரையை விலக்கினார்கள். வெறுங்காலோடு நின்றது அவர் மகள்.

பல் டாக்டர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "வாய்க்கொழுப்புல பேசிட்டேன் சார், மனசுல வச்சுக்காதீங்க. திரையே போட்டுட்டீங்க. இனி யாரு என்ன சொல்ல முடியும்?"

கண்டக்டர் மூன்றாம் எண் அட்டையோடு மேடையை விட்டு இறங்கும் சிறுமியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அவளைச் சுருட்டை என்று கூப்பிடுவார்கள்.

கூட்டம் கலைந்தது. மேசையில் கிடந்த மார்க் தாளை மகள் எடுத்துப் பார்த்தாள்.

"சுருட்டைக்கு மத்த ரெண்டு பேரும் ஒம்பது ஒம்பது போட்டிருக்காங்க. நீங்க மட்டும் ஏம்ப்பா மூணு?"

"மூச்சு கேட்டுச்சு. நீதான்னு நினைச்சேன்."

"நீங்க கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு நான் அடக்கிக்கிட்டேன். அவ எப்பவுமே அப்படித்தான் வாசிப்பா. கடைசி வரிசைல இருக்கா, உங்களுக்குக் கேக்காது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சரி, அது நானாவே இருந்திருந்தா? அவ்வளவு நல்லா வாசிச்சாலும் எனக்கு மூணுதானா?"

அவர் மார்க் தாளை அவளிடமிருந்து வாங்கி மடித்தார்.

"ஆமாம்மா. அவங்க வாயை அடைக்கணும்னு இருந்தேன்."

"அப்ப திரை எதுக்குப்பா?"

அவர் எழுந்து கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். "முதல்வர்கிட்ட போய் நடந்ததைச் சொல்லப்போறேன்."

"வேலை போயிடுச்சுன்னா?"

"திரும்பப் பியானோ தூக்குவேன். முதுகு இன்னும் இருக்கு." கதவருகில் நின்றார். "ரெண்டு வழி இருக்கு. என் மார்க்கைக் கழிச்சா அவளுக்குப் பதினெட்டு, உனக்குப் பதினேழு. அவதான் வாசிப்பா. இல்லன்னா நான் இல்லாம மறுபடி தேர்வு வைக்கச் சொல்லலாம். உனக்கும் ஒரு வாய்ப்பு. எதைக் கேக்கட்டும்?"

மகள் கழிக்கச் சொன்னாள்.