விரிசல் விட்ட அச்சு

ஜப்பானின் ஹொக்கைடோவில் பனி உருகும் காலை. கூரையிலிருந்து சொட்டும் நீரில் வெயில் மினுங்குகிறது. முட்டுக்கொடுத்துத் தூக்கிய காருக்கு அடியில் யசுஹிரோ மல்லாந்து கிடந்து, விரிசல் விட்ட அச்சை விரல்நுனியால் வருடிக்கொண்டே இருக்கிறான். நிறைமாத வயிற்றோடு பக்கத்தில் நிற்கும் மனைவி மினாகோவின் மூச்சு வெண்புகையாய் எழுந்து கலைகிறது. "நானே மாத்திடுவேன், மினாகோ." "குளியலறைக் குழாயையும் இப்படித்தான் கழட்டின. இன்னும் ஒழுகுது." அவன் சிரிக்கிறான். அவள் விடுவதாயில்லை. "சரி, ஒண்ணு சொல்லு. எனக்கு வலி எடுத்தா, நீ மாட்டின அச்சை நம்பி மலைப்பாதையில எங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போவியா?" சிரிப்பு நிற்கிறது. கூரைப் பனி ஒரு பாளம் சரிந்து மெத்தென்று விழுகிறது. காருக்கு அடியிலிருந்து கிரீஸ் படிந்த கை ஒன்று வெளியே நீள்கிறது. "போனைக் கொடு. மெக்கானிக்கைக் கூப்பிடலாம்." குனிய முடியாத அவள் மெல்லப் பனியிலேயே உட்கார்ந்து, முதலில் அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.